கதிரைத் தாளின்ரை பின்பக்கம்

தும்புச் சங்கத்து மனேச்சர் கதிரையோடை சரிஞ்சு நிலத்திலை குந்துற படம் ஒண்டு, உரும்பிராயிலை இருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் நானூறு ஐந்நூறு வீட்டிலை கிடக்கு. கீறினது நான். கை தவறிப் போச்சுது, தெரியாமல் நடந்திட்டுது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேணுமெண்டுதான் கீறினனான். இண்டைக்குக் கேட்டாலும் திருப்பிக் கீறுவன், இன்னும் கொஞ்சம் வடிவா.

முழுக்கச் சொல்லுறன். அப்பத்தான் உங்களுக்கும் கொதி வரும்.

தொண்ணூறிலை சண்டை திரும்பத் தொடங்கின பிறகு கடற்கரைப் பக்கம், குருநகரிலை இருக்கேலாமல் போக, நானும் அப்பாவும் உரும்பிராயிலை ஒரு புகையிலைக் கொட்டிலுக்கை வந்து இருந்தம். அப்பா கடல் தொழில். நேவி கடலுக்கு இறங்க விடாத காலம். வலை, தோணி எல்லாம் அங்கை, ஆள் மட்டும் இங்கை. விடியக்காலமை எழும்பி வெளியிலை வந்து காத்து எந்தப் பக்கம் எண்டு பாப்பார். செம்பாட்டு மண்ணிலை நிண்டு காத்துப் பாத்து என்ன செய்யிறது?

"என்னப்பா, இண்டைக்கு வலையிலை வெங்காயம் நல்லாப் படுமோ?" எண்டு கேப்பன்.

"வாடைக்காத்து. வெங்காயம் ஆழத்துக்குப் போயிருக்கும்" எண்டுவார்.

நான் ரெக்னிக்கல் கொலிச்சிலை படம் கீறுற கோர்ஸ் முடிச்சனான். வீடு, பாலம், மதகு எல்லாம் அளவோடை கீறுவன். ஆனா அரசாங்கத்தின்ரை தடையாலை சீமெந்து வராது, ஆணி வராது, பெற்றோல் வராது. வராத சாமானுக்குப் படம் கீறி ஆருக்குக் குடுக்கிறது? ஊரிலை தட்டுப்பாடில்லாமல் கிடந்தது ரண்டு சாமான்தான். ஒண்டு பனை, மற்றது சைக்கிள்.

எங்கடை ஒழுங்கை முடியிற இடத்திலை அந்தத் தும்புச் சங்கம். பொம்பிளையள் பாய் இழைப்பினம், கூட்டுற தும்புத்தடி கட்டுவினம், கயிறு திரிப்பினம். கதிரையும் செய்தவை. பனஞ்சலாகையிலை சட்டம், தும்புக் கயித்திலை பின்னல். நல்ல கதிரைதான், ஆனா ஒரு கதிரையைச் சாவகச்சேரிக்குக் கொண்டு போக ஒரு சைக்கிள், ஒரு ஆள், ஒரு நாள். கரியரிலை கவிட்டுக் கட்டிக்கொண்டு போகேக்கை நாலு காலும் வானத்தைப் பாக்கும். ஒழுங்கையிலை எதிரை ஒரு சைக்கிள் வந்தால் ஒருத்தர் இறங்கி வேலிக்குள்ளை ஒதுங்க வேணும். காத்துக்குச் சைக்கிள் தன்ரை பாட்டிலை திரும்பும்.

அதோடை இன்னொண்டும் நான் பாத்து வைச்சிருந்தன். சனம் எழும்பி ஓடேக்கை பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுது, கதிரையை விட்டிட்டு ஓடுது. நாங்களும் அப்பிடித்தான் ஓடி வந்தனாங்கள். அப்ப பாய் மாதிரிச் சுருட்டுற கதிரை இருந்தால்?

இதுதான் என்ரை மண்டைக்குள்ளை பூந்தது. ஒரு மாசம் வேறை வேலை ஒண்டும் பாக்கேல்லை.

எனக்கு நானே போட்ட முதலாவது விதி: ஒரு சலாகையும் சைக்கிள் பாரை விட நீளமா இருக்கக் கூடாது. ரண்டாவது: ஒரு ஆணியும் இல்லை. மூண்டாவது: சலாகை ரண்டே ரண்டு அளவிலைதான், நீளம் ஒண்டு, கட்டை ஒண்டு. ஒண்டு துலைஞ்சால் எந்தத் தச்சுவேலைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தரவேணும். நாலு நீளச் சலாகையை ரண்டு கத்திரிக்கோல் மாதிரிக் குறுக்கை போட்டு, நாலு கட்டைச் சலாகையாலை ரண்டையும் சேர்த்து, எட்டுத் துளைக்குள்ளையும் மர ஆப்பு வைச்சு இறுக்கினால் சட்டம் சரி. மேலை ரண்டு பக்கமும் பிடிச்சுத் தொங்குற மாதிரி ஒரு வலை. அதுதான் இருக்கிற இடம், முதுகு சாயிற இடம் எல்லாம். வலை இழுத்துப் பிடிச்சால்தான் கத்திரிக்கோல் விரியாமல் நிக்கும். முழுக் கதிரையும் அந்த வலையின்ரை கடைசி முடிச்சிலை நிக்குது எண்டு சொல்லலாம்.

வலை எண்டதும் அப்பாவுக்கு உசிர் வந்திட்டுது. பனை நாரையும் தும்பையும் சேர்த்துத் திரிச்ச கயித்தை அவர்தான் சொல்லிச் செய்விச்சவர். அப்பான்ரை ஊசி, அவற்றை வலைக்கண் அளவு. நைலோன் பின்னின கை, தும்புக்கு இறங்கேக்கை முதல் ரண்டு நாளும் உரிஞ்சுது. "இந்தக் கண்ணுக்குள்ளாலை சுறாவும் தப்பாது, மனிசன்ரை பின்பக்கம் எங்கை தப்பப் போகுது" எண்டு சொல்லிச் சொல்லிப் பின்னினார்.

ஆப்பு எட்டும் ஒவ்வொரு நாளும் துலைஞ்சுது. நிலத்திலை விழுந்தால் மண்ணுக்கை போயிடும். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வேலையைத்தான் பெருமையாச் சொல்லுவன். வலைக் கயித்தின்ரை நுனியிலை எட்டு ஆப்பையும் செபமாலை மணி மாதிரிக் கோர்த்து விட்டன். துலையாது. அதோடை எந்த ஆப்பு முதலிலை வருதோ அதை முதலிலை வைக்க வேணும், அடுத்தது அடுத்தது. மாலை முடிய கதிரையும் முடியும். வாசிக்கத் தெரியாத ஆளும் பூட்டலாம்.

சுருட்டினால் ஒரு பாய்க் கட்டு அளவு. ஒரு சைக்கிளிலை ஆறு கதிரை. நானே கட்டி, கோப்பாய் மட்டும் ஓடிப் பாத்திட்டு வந்தன். ஒருத்தரும் வேலிக்குள்ளை ஒதுங்கேல்லை.

சரி, சனத்துக்குப் பூட்ட வருமோ எண்டு பாக்க வேணுமே. கொட்டில் சொந்தக்கார அம்மாவிட்டை முதல் கதிரையைக் குடுத்தன்.

"நீங்களே பூட்டுங்கோ அம்மா. நான் வாய் திறக்கமாட்டன்."

"நீ வாய் திறக்காமல் இருப்பியோ? அது நடக்கிற காரியமே?" எண்டு கேட்டுக்கொண்டு பூட்டினா. ஆப்பு எல்லாம் ஒழுங்கா வைச்சா. கடைசி முடிச்சு வரேக்கை, கயித்தைச் சுத்தி, ரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, அடியிலை செருகினா. வேலி கட்டுற முடிச்சு. வருசா வருசம் கிடுகு கட்டிப் பழகின கை, யோசிக்காமல் அதைத்தான் கட்டும். பிறகு சிரிச்சுக்கொண்டு புளுகத்தோடை ஏறி இருந்தா.

கதிரை உடையேல்லை. மெதுமெதுவா விரிஞ்சுது. கோயிலிலை சாமியை இறக்கிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல், அந்த மனிசியை நிலத்திலை கொண்டு வந்து வைச்சுது.

"ஐயோ பிள்ளை, என்னை எங்கை கொண்டு போறாய்!"

அடுத்த நாலு வீட்டிலையும் இதே கூத்து. ஒரு ரீச்சர், ஒரு கடைக்காரர், எல்லாரும் வேலி முடிச்சு, எல்லாரும் நிலம். வேலி ஒரு இடத்திலை நிக்கும், ஆடாது. அதுக்கு அந்த முடிச்சுப் போதும். கதிரையிலை இருக்கிறவன் ஆடுவான், சாய்வான், சிரிப்பான். எங்கடை வலை முடிச்சு வேறை சாதி. இழுக்க இழுக்க இறுகும், ஆனா கட்டை நுனியை ஒருக்கால் சுண்டினால் கழண்டு வரும். எழும்பி ஓடேக்கை அதுதான் வேணும். குருநகரிலை நடக்கப் பழகின பிள்ளைக்கும் அது தெரியும். தோட்டக்காரருக்குத் தெரியாது. அதிலை ஒரு குற்றமும் இல்லை, காட்டிக் குடுத்தால் சரி.

கதிரையைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனன். இனித்தான் மனேச்சர் வாறார்.

ஆள் அரசாங்கக் கந்தோர் ஒண்டிலை இருந்து பென்சன் எடுத்தவர். இடது காதுக்கு மேலை வளர்ந்த ஏழு மயிரை மண்டைக்கு மேலாலை வலது காதுக்கு அனுப்பி வைச்சிருப்பார். சேட் பொக்கற்றிலை ரண்டு பேனை, அதிலை ஒண்டு எழுதாது. கண்ணாடிக் கால் ஒண்டு உடைஞ்சு, தும்பு நூலாலை கட்டியிருக்கும்.

"ஆர் பிள்ளை நீர்?"

"புகையிலைக் கொட்டிலிலை இருக்கிறம் ஐயா. சொந்த இடம் குருநகர்."

"ஓ, கரை ஆக்கள்."

நான் பூட்ட, அவர் ஏறி இருந்து ரண்டுதரம் குலுக்கிப் பாத்தார். முகம் மலர்ந்திட்டுது. பிறகு பாய் இழைச்சுக்கொண்டிருந்த பொம்பிளையளைப் பாத்துச் சொன்னார்: "கதிரை நல்லாத்தான் கிடக்கு. லேசா மீன் மணக்குது, என்ன?"

அவையள் சிரிச்சினம். சம்பளம் குடுக்கிறவன் பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேணும்.

"அது புகையிலை மணம் ஐயா. மூக்கையும் ஒருக்கால் ஆரிட்டையும் காட்டுங்கோ" எண்டன்.

"கதிரையைக் கட்டையாக்கின நீர், வாயைக் கட்டையாக்கேல்லைப் போலை. சரி, கீறின படத்தை வைச்சிட்டுப் போம். பாத்துச் சொல்லுறன்."

வைச்சிட்டு வந்தன். படிச்ச மடைச்சி நான். அளவு, துளை, மாலைக் கோர்வை எல்லாம் இருந்த தாள்.

ரண்டு கிழமை ஒரு பதிலும் இல்லை. பிறகு சங்கத்திலை வேலை செய்யிற அக்கா ஒராள் வந்து மெல்லமாச் சொன்னா: "தங்கச்சி, அங்கை உம்மடை கதிரைதான் செய்யிறம். நாப்பது செய்திட்டம். ஆனா இருக்கிற ஆக்கள் எல்லாம் நிலத்துக்குப் போகினம். உம்மடை அப்பாவை ஒருக்கால் வரட்டாம் எண்டு மனேச்சர் சொல்லுறார், முடிச்சுக் காட்ட."

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. "போக வேண்டாம்" எண்டன். அப்பா கேக்கேல்லை. "கேட்டு விட்டிருக்கினம், போகாமல் விடுறது சரியில்லை" எண்டு பூசைக்குப் போடுற வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டார். கத்தோலிக்கரிலை மரியாதைக்காரன் எண்டு பேர் எடுத்து என்ன கண்டார், தெரியாது.

நானும் கூடப் போனன். சங்கத்து மண்டபத்திலை பூட்டின கதிரையள் சுவரோரம் வரிசையா. ஒண்டிலை மனேச்சர், கால் மேலை கால். பொம்பிளையள் பாயிலை. அப்பா ஒரு கதிரைப் பக்கம் காலை எடுத்து வைக்க, மனேச்சர் கையை நீட்டினார்.

"உங்கினை, நிலத்திலை வசதியா இருங்கோவன். முடிச்சுக் காட்ட அதுதான் தோது."

பாய் கூட இல்லை. வெறும் சீமெந்து. அப்பா இருந்தார். வெள்ளைச் சேட்டோடை, கால் மடிச்சு, விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் ஒவ்வொரு பொம்பிளைக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இதாலை விட்டு, பின்னாலை சுத்தி, தன்ரை கழுத்துக்குக் கீழை. ஓம் பிள்ளை, அப்பிடித்தான். கெட்டிக்காரி." இடையிலை பிளேன்டீ வந்தது. எல்லாருக்கும் கிளாசிலை. அப்பாவுக்குப் பழைய பால்மா ரின்னிலை. விளிம்பு வாயை வெட்டும் எண்டு அவர் ஒரு பக்கமாச் சரிச்சுக் குடிச்சதை நான் வாசலிலை நிண்டு பாத்தன். குடிச்சு முடிச்சு, "நல்ல தேத்தண்ணி" எண்டு சொல்லி ரின்னைக் கழுவியும் வைச்சார்.

திரும்பி வரேக்கை ஒழுங்கையிலை கேட்டன்.

"ஏனப்பா நிலத்திலை இருந்தனீங்கள்?"

"முடிச்சுக் காட்டப் போனது. காட்டியாச்சு."

"எட்டுக் கதிரை சும்மா கிடந்தது அப்பா. எட்டு!"

உடுப்பிலை ஒட்டின சீமெந்துத் தூசியைத் தட்டினார். பிறகு சொன்னார்: "எட்டில்லை பிள்ளை. ஒம்பது."

அதோடை முடிஞ்சுது. படத்தைக் களவெடுத்ததை நான் சில நேரம் விட்டிருப்பன். மீன் மணத்தையும் விட்டிருப்பன், எனக்கும் வாய் இருக்கு. ஆனா அந்த மனிசன் சீமெந்திலை இருந்துகொண்டு, தன்ரை கண் அளவிலை ஆரோ பின்னின கதிரையளை ஒவ்வொண்டா எண்ணியிருக்கிறார். அந்த மனேச்சரை நிலத்திலை இருத்தாமல் விடுறேல்லை எண்டு அந்த ஒழுங்கையிலை வைச்சே முடிவெடுத்திட்டன். எப்பிடி எண்டுதான் தெரியேல்லை.

வழியை அவரே கொண்டு வந்து தந்தார்.

கதிரை நல்லா வித்துப் போச்சுது. ஆளாளுக்கு வந்து பாத்தினம். பனையைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை தனக்கு உதிச்ச யோசினை எண்டு மனேச்சர் எல்லாருக்கும் அளந்து விட்டார். ஆனா வீட்டை கொண்டுபோய்ப் பூட்டின சனம் பழையபடி வேலி முடிச்சுப் போட்டு விழுந்து எழும்பித் திட்டிச்சுது. சங்கத்துப் பொம்பிளையளுக்குக் காட்டினமாதிரி ஊருக்கெல்லாம் அப்பாவை இருத்திக் காட்டேலாதே. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"பூட்டுற முறையைப் படமாக் கீறித் தாரும். கதிரைக்கு ஒரு தாள் வைச்சுக் கட்டுவம். ஒரு தாள்தான், ரண்டு பக்கத்தையும் பாவிச்சுக் கீறும். தாள் தட்டுப்பாடு தெரியுந்தானே. மேலை இதை எழுதும்."

துண்டொண்டு நீட்டினார். 'யோசித்து வடிவமைத்தவர்' எண்டு போட்டு, தன்ரை முழுப் பேர், பழைய உத்தியோகம், எல்லாம்.

துண்டை வாங்கி மடிச்சன். அவர் அந்த ஏழு மயிரையும் தடவி விட்டுக்கொண்டு சொன்னார்: "பூட்டி முடிஞ்ச கதிரையிலை ஒரு ஆள் இருக்கிறமாதிரிக் கீறும். மரியாதையான ஒராளா. என்னையே கீறினாலும் எனக்குப் பிரச்சினை இல்லை."

தேவமாதாவே எண்டு மனசுக்குள்ளை சொன்னன்.

"ஓம் ஐயா. அப்ப முழுக்க உங்களையே கீறுறன். படத்துக்குப் படம் ஆள் மாறினால் சனம் குழம்பும்."

"அதுதான். படிச்ச பிள்ளையெண்டால் இப்பிடித்தான் யோசிக்க வேணும்."

பாருங்கோ, நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை.

கையாலை சுத்திப் பிரதி எடுக்கிற றோணியோ மிசினுக்குப் போடுற மெழுகுத் தாளிலை, பக்கத்துக்கு ஒண்டா, ஊசிப் பேனையாலை மூண்டு நாள் கீறினன். முன்பக்கம் ஆப்பு மாலை, கத்திரிக்கோல் சட்டம், வலையைத் தொங்க விடுறது. கடைசிப் படம் மனேச்சர் கதிரையிலை ராசா மாதிரி. ஏழு மயிரும் எண்ணலாம், ரண்டு பேனையும் எண்ணலாம், கண்ணாடிக் காலிலை கட்டின நூலும் தெரியும். அவற்றை பேருக்கு நேர் கீழை. ஆர் எண்டு ஒருத்தருக்கும் சந்தேகம் வரப்பிடாது எண்டு நான் நல்லா மினக்கெட்டன்.

பின்பக்கம் மேலை சைக்கிளிலை கட்டுற முறை. கீழை ரண்டு பெட்டி. ஒண்டுக்கு மேலை 'சரி' எண்டு எழுதி, வலை முடிச்சுக் கட்டுற ரண்டு கை. அப்பான்ரை கை. தூண்டில் நூல் வெட்டின தழும்பு, பாதி நகம் போன பெருவிரல். மற்றதுக்கு மேலை 'பிழை'. வேலி முடிச்சு. பிறகு நாலு படம். மனேச்சர் இருக்கிறார். மனேச்சருக்கு ஏதோ விளங்குது. மனேச்சர் இறங்குறார், ஏழு மயிரும் எழும்பி நிக்குது. மனேச்சர் நிலத்திலை, கால் மடிச்சு, ரண்டு பேனையும் பக்கத்திலை விழுந்து கிடக்கு.

கையெழுத்துக்குக் கொண்டு போனன். முன்பக்கத்து மெழுகுத் தாளைச் சன்னலுக்கு நேரை தூக்கிப் பிடிச்சு ரசிச்சார்.

"மூக்கு கொஞ்சம் பெரிசோ?"

"மெழுகுத் தாளிலை அப்பிடித் தெரியும் ஐயா. அடிச்சால் சின்னனாகும்."

"பின்பக்கம்?"

"சைக்கிளிலை கட்டுறது, முடிச்சுப் போடுறது."

"அது எங்கடை சனத்துக்குத் தெரியாததே? சரி, அடியும்." கையெழுத்து விழுந்தது. எழுதுற பேனையாலைதான்.

அந்த அக்காவும் நானும் றோணியோ சுத்தினம். முதல் தாளின்ரை பின்பக்கம் வரேக்கை அக்கா பாத்தா. கையாலை வாயைப் பொத்திக்கொண்டு அப்பிடியே தும்புக் குவியலிலை இருந்திட்டா. "நான் ஒண்டும் காணேல்லை, என்ன?" எண்டு சொல்லிப்போட்டு, எழும்பி முந்தினதிலும் கெதியாச் சுத்தினா. அண்டைக்கு மீன் மணப் பகிடிக்குச் சிரிச்ச கடனிலை அவவும் ஏதோ கழிச்சிருக்கிறா.

பத்து நாளிலை கதிரை தாளோடை எங்கையெல்லாமோ போயிட்டுது. கிளாலியாலை கடல் கடந்த ஒரு குடும்பம் ரண்டைச் சுருட்டிக்கொண்டு போனதாம், பாய் எண்டு நினைச்சுப் படகிலை ஏத்தினவையாம். வல்வெட்டித்துறையிலை ஒரு கடையிலை தாளின்ரை பின்பக்கத்தைச் சுவரிலை ஒட்டி வைச்சிருக்கு எண்டு கதிரை கொண்டு போற சைக்கிள்காரர் வந்து சொன்னார். அவர் சொல்லேக்கை மனேச்சரும் பக்கத்திலைதான் நிண்டார். "முன்பக்கத்தையோ?" எண்டு கேட்டார். "இல்லை ஐயா, நீங்கள் இறங்கிற பக்கம்."

தாள் எண்டால் தாள். அதுக்குப் பிறகு ஒரு வீட்டிலையும் ஒருத்தரும் விழேல்லை. சத்தியமா அதுதான் நான் கீறினதிலை திறமான படம். ஆரும் முடிச்சுப் போடேக்கை வீட்டிலை ஒருத்தர் கத்துவினம், "மனேச்சர் முடிச்சுப் போடாதை!" வேலி முடிச்சுக்கே இப்ப அந்தப் பேர். மனேச்சர் ஒரு செத்தவீட்டுக்குப் போனால் கதிரை எடுத்துப் போடுறவன், "ஐயா, பாத்து இருங்கோ" எண்டு பவ்வியமாச் சொல்லுவான். சந்தியிலை நிக்கிற பொடியள் அவர் சைக்கிளிலை போகேக்கை ஒண்டும் சொல்லாயினம், மெதுமெதுவாக் குந்துவினம். எல்லாரும் ஒண்டா. நான் ஒரு தரம் கண்டனான். வயிறு குளிர்ந்துது.

பிறகு ஒரு நாள் பின்னேரம் எங்கடை கொட்டிலுக்கு வந்தார். கையிலை மடிச்ச தாள். நான் வாசலிலை பென்சில் சீவிக்கொண்டிருந்தன். அப்பா ஓடி வந்து, "வாங்கோ ஐயா, வாங்கோ. இருங்கோ" எண்டு எங்கடை கதிரையை நடுவிலை இழுத்துப் போட்டார். முதல் முதல் செய்த கதிரை.

மனேச்சர் கதிரையைப் பாத்தார். முடிச்சு வலைக்கு அடியிலை, குனிஞ்சால்தான் தெரியும். குனிய மானம் விடேல்லை. என்னைப் பாத்தார். நான் பென்சிலைப் பாத்தன்.

"பயப்பிடாமல் இருங்கோ ஐயா" எண்டார் அப்பா. "இண்டைக்குக் காலமைதான் பிள்ளை தன்ரை கையாலை பூட்டினவ."

"இல்லை இல்லை. இருந்து இருந்து இடுப்பு நோகுது. நிக்கிறன்."

"அப்ப நான் இருக்கிறன் ஐயா, குறை நினையாதேங்கோ. கால் ஏலாது" எண்டு சொல்லிப்போட்டு அப்பா அதிலை சாஞ்சு இருந்தார். கதிரை ஒரு சத்தம் போடேல்லை. பயப்பிட ஒண்டும் இல்லை எண்டு மனேச்சருக்கு அப்பத்தான் விளங்கிச்சுது. ஆனா இருந்த ஒரு கதிரையும் போச்சுது. அப்பா தெரிஞ்சு செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. கேக்கவும் மாட்டன்.

தேத்தண்ணி போட்டன். எங்கடை வீட்டிலையும் ஒரு பால்மா ரின் இருந்தது. கையிலை எடுத்தும் விட்டன். அப்பா ஒரு பார்வை பாத்தார். வைச்சிட்டுக் கிளாசிலை ஊத்திக் குடுத்தன். அண்டைக்கு நான் விட்டுக் குடுத்தது அது ஒண்டுதான். கொதிக்கக் கொதிக்கத்தான் குடுத்தன். நிக்கிற ஆளுக்கு வைக்கிறதுக்கும் இடமில்லை, கைக்குக் கை மாத்திக்கொண்டு நிண்டார்.

"பிள்ளை, உந்தப் பின்பக்கத்தை ஒருக்கால் மாத்தித் தரவேணும்" எண்டார். குரல் இறங்கியிருந்தது. "மகளுக்குக் கலியாணம் பேசுறம். மாப்பிளை வீட்டாக்கள் ஞாயிற்றுக்கிழமை வருகினம். அவையும் நாலு கதிரைக்குச் சொல்லி வைச்சிருக்கினமாம்."

எனக்கு வந்த சிரிப்பைப் பல்லாலை கடிச்சன்.

"மாத்தலாம் ஐயா. கீழை ஆளை மாத்திறதெண்டால் மேலை பேரையும் மாத்த வேணும்."

"ஆற்றை பேர்? உம்மடையோ?"

"என்ரை வேண்டாம்." கதிரையிலை இருந்த மனிசனைக் காட்டினன். "முடிச்சு அவற்றை, வலை அவற்றை. சட்டமும் மாலைக் கோர்வையும் மட்டும்தான் என்ரை. அதுக்குப் பேர் தேவையில்லை."

"எங்கடை சங்கத்துத் தாளிலை..." எண்டு தொடங்கினார். முடிக்கேல்லை. முடிச்சிருந்தால் நல்லது. கரை ஆளின்ரை பேரோ எண்ட மிச்சத்தையும் அப்பாவுக்கு முன்னாலை சொல்லட்டும் எண்டுதான் நான் காத்துக்கொண்டு நிண்டன்.

"யோசியுங்கோ ஐயா" எண்டன். "ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. மெழுகுத் தாள் கீற மூண்டு நாள் வேணும்."

கிளாசை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் கடைசியிலை குனிஞ்சு நிலத்திலை வைச்சார். குனியேக்கை ஏழு மயிரும் முன்னாலை விழுந்துது. "சரி. கீறும்" எண்டு போயிட்டார். ஒரு மன்னிப்பும் கேக்கேல்லை. நானும் எதிர்பாக்கேல்லை.

படலை சாத்தின சத்தம் கேட்ட பிறகு அப்பா என்னைக் கேட்டார்: "கதிரை சரியான முடிச்சுத்தானே பிள்ளை. மனிசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்" எண்டன்.

புதுத் தாள் வந்தது. மேலை அப்பான்ரை பேர். கடைசிப் படத்திலை கதிரையிலை அப்பா, வெள்ளைச் சேட்டோடை. மனேச்சர் பின்பக்கத்தை இந்த முறை வடிவாப் பிரட்டிப் பாத்தார், சொன்ன சொல்லை நான் காப்பாத்தியிருந்தன். 'பிழை' எண்ட பெட்டிக்குள்ளை ஆளே இல்லை. வேலி முடிச்சும், விரிஞ்சு படுத்த கதிரையும் மட்டும்தான். அவர் கையெழுத்து வைச்சிட்டுத் தந்தார்.

கதிரைக்குப் பக்கத்திலை நிலத்திலை ரண்டு சின்னக் கோடு இருக்கிறதை அவர் கவனிக்கேல்லை. சந்தியிலை நிண்ட பொடியளுக்குப் பாத்த உடனை தெரிஞ்சுது. ரண்டு பேனை.